பற்று, பிளாஸ்டர், பட்டை: தோல்வழி மருந்தூட்டலின் வரலாறும் சாஆ தரும் பாடமும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸ் நகருக்கும் யோங் பெங் நகருக்கும் இடைப்பட்ட பழைய கூட்டரசுச் சாலையோரத்தில் அமைந்துள்ள சிற்றூர் சாஆ. செம்பனைத் தோட்டங்களால் சூழப்பட்ட இவ்வூரில் தோட்டங்களிலிருந்து வெளியேறிக் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் இல்லமொன்றிற்கு நாம் அங்குச் சென்றிருந்தோம். புற்றுநோயால் துன்புற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு வலி நீங்குவதற்காக மருத்துவர் ஒட்டும் பட்டைகளை வழங்கியிருந்தார். மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டாரோ, வலி மிகுந்த இடுப்பின் மேல் பட்டையை ஒட்டி, பழையதை எடுக்காமலேயே புதியதையும் சேர்த்து ஒட்டி, அவற்றின் மீது உப்புப் பொட்டணத்தால் ஒத்தடமும் கொடுத்துக்கொண்டிருந்தனர். காரணம் கேட்டபோது, "கோயோக் போட்டா மேல சூடு காட்டணும்ல தம்பி, அப்பத்தானே மருந்து உள்ள எறங்கும்" என்று மூதாட்டியின் மகள் விடையிறுத்தார். அன்று மாலையே மூதாட்டி எழுப்ப இயலாத உறக்கத்தில் ஆழ்ந்தார். அண்டை வீட்டிலிருந்த தாதி ஒருவர் நிலைமையை உணர்ந்து பட்டைகளை அகற்றி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தமையால் அவர் உயிர் பிழைத்தார்.

இந்நிகழ்ச்சியை அறியாமை என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அம்மகள் கூறிய விடையில் அறியாமை இல்லை. நெடுங்காலமாகக் கைமாறி வந்த ஓர் அறிவு இருந்தது. தோலின் மீது இட்ட மருந்தைச் சூடு உள்ளே செலுத்தும் என்பது உண்மையேயாகும். அவ்வுண்மையே அன்று அம்மூதாட்டியின் உயிருக்கு ஊறு விளைவிக்க இருந்தது. பழைய அறிவு புதிய பொருளைச் சந்திக்கும்போது ஏன் இவ்வாறு நேர்கிறது? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டுத் தோல்வழி மருந்தூட்டலின் வரலாற்றைத் தமிழ் மரபிலிருந்தும் ஜொகூர் மண்ணிலிருந்தும் தொடங்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மருத்துவ மரபில் புறமருந்து

புண்ணுக்கு மருந்திட்டுக் காத்தல் தமிழரிடையே மிகத் தொன்மையான வழக்கமாகும். அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல், போரில் புண்பட்ட வீரனைப் பேணும் இல்லத்தைக் காட்டுகிறது. நறும்புகை எழுப்புதல், ஐயவி சிதறுதல் ஆகியவற்றோடு மை போன்ற மருந்தை இழுகுதலும் அங்குச் சுட்டப்படுகிறது. அதே நூலின் 353ஆம் பாடலில், பஞ்சு இன்னும் நீக்கப்படாத புண்ணையுடைய வீரர் இடம்பெறுகின்றனர். இவை மருத்துவ நூல்கள் அல்ல. எனினும் மருந்தும் துணியும் தோலின் மேல் சேர்ந்து நிற்றல் என்னும் முறை மக்கள் வாழ்வில் நிலைபெற்றிருந்தமைக்கு இவை சான்றாகின்றன.

சித்த மருத்துவம் இவ்வழக்கத்தை முறைப்படுத்தியது. அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பகுத்துரைத்தல் அம்மரபின் சிறப்பியல்பாகும். புறமருந்து வரிசையில் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், புகை, களிம்பு, சீலை, பசை, களி முதலியன அடங்கும். அறுவை, சுட்டிகை, அட்டைவிடல் போன்ற செயல்முறைகளும் அதே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன.

இவற்றுள் நம் ஆய்விற்கு இன்றியமையாதவை நான்கு. இலை, பட்டை முதலியவற்றை நசுக்கியோ அரைத்தோ வைத்துத் துணியால் கட்டுதல் கட்டு. சரக்குகளை நீர்மப் பொருளில் அரைத்துக் குழைத்துத் தடிப்பாக அப்புதல் பற்று. சூடேற்றிய பொருளைத் துணியில் முடிந்து ஒற்றியெடுத்தல் ஒற்றடம். மக்கள் வழக்கில் இது ஒத்தடம். மருந்தில் தோய்த்த துணியைப் புண்ணின் மேல் இடுதல் சீலை. பற்று என்னும் சொல் பற்றுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. தோலைப் பற்றி நிற்பது பற்று. ஒட்டி நிற்றல் என்னும் பண்பைக் கொண்டே மருந்தின் வடிவத்திற்குப் பெயரிட்ட நுட்பம் இங்குக் கருதத்தக்கது. மருந்தைச் சுமந்து நிற்கும் துணியாகிய சீலையோ, வடிவத்தால் இக்காலப் பட்டைக்கு மிக அணுக்கமானது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் காலத்தில் தன்வந்தரி மகால் என்னும் மருத்துவ நிலையம் விளங்கியது. அக்காலத்தில் தொகுக்கப்பெற்ற மருத்துவ முறைகளைச் சரசுவதி மகால் நூலகம் பின்னாளில் சரபேந்திரர் வைத்திய முறைகள் என்னும் வரிசையில் வெளியிட்டது. மலாயாவிற்குத் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் வரத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், சோழ மண்டலத்தில் இம்மருத்துவம் எத்துணை உயிர்ப்புடன் இருந்தது என்பதை இத்தொகுப்புகள் புலப்படுத்துகின்றன.

தோல் ஒரு வாயில் என்னும் கருத்து

புறமருந்து இட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும் என்று பண்டையோர் கருதினரா? அன்றி, அது உடலின் உள்ளேயும் புகும் என்று எண்ணினரா? இதற்கு வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் தெளிவான ஒரு விடை கிடைக்கின்றது. அந்நூலின் சாரீரப் பகுதி ஒன்பதாம் அத்தியாயம், உடலில் குறுக்காகப் பரவிச் செல்லும் நாளங்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றின் வாய்கள் மயிர்க்கால்களோடு பொருந்தியுள்ளன. அவ்வழியே வியர்வை வெளியேறுகிறது. எண்ணெய் தேய்த்தல், நீர் பாய்ச்சுதல், நீரில் அமிழ்தல், பூச்சு ஆகியவற்றின் வீரியம் தோலில் பக்குவமடைந்து அவ்வழியே உள்ளே செல்கிறது என்பது அப்பகுதியின் கருத்தாகும்.

இக்கருத்தை இன்றைய உடலியலோடு அப்படியே பொருத்திக் காட்டுதல் பிழையாகும். நாளங்களைப் பற்றிய அந்நூலின் விளக்கம் இன்றைய விளக்கமன்று. எனினும் மூன்று கூறுகளை மறுத்தற்கியலாது. தோல் ஒரு சுவர் மட்டுமன்று, வாயிலும் ஆகும் என்பது ஒன்று. மருந்து தோலிலேயே ஒரு மாற்றத்திற்கு உள்ளாகிறது என்பது மற்றொன்று. மயிர்க்கால் ஒரு வழியாகப் பயன்படுகிறது என்பது மூன்றாவது. அம்மரபில் இல்லாதிருந்தது அளவு. எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு பரப்பின் வழியாக உள்ளே செல்கிறது என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் பிற்பகுதி இதனையே சார்ந்து நிற்கிறது.

தோட்டப்புறத்தில் கலந்த மூன்று மரபுகள்

ஜொகூர் மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதனையொட்டி உள்நாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் அழைத்து வரப்பட்ட தமிழர், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை தொடர்ந்து வந்தனர். அவர்களோடு பற்றும் ஒத்தடமும் வேதும் கடல் கடந்தன.

தோட்டத்தில் மேனாட்டு மருத்துவத்தின் முகமாக விளங்கியவர் டிரசர். புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுபவர் என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே அவருக்குப் பதவிப் பெயராயிற்று. பால்மரம் சீவும் கத்தி பட்ட வெட்டுக்காயம், அட்டைக் கடி, ஆறாத காற்புண் ஆகியன அவரிடம் சென்றன. சுளுக்கு, வீக்கம், தலைவலி, நெஞ்சுச் சளி ஆகியன லயத்திலேயே தீர்க்கப்பட்டன. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றிடுதல், மூசாம்பரத்தை முட்டை வெண்கருவில் குழைத்துச் சூடாக்கிச் சுளுக்கின் மேல் பூசுதல், எருக்கிலையை வதக்கி ஒத்தடமிடுதல், நொச்சித் தழையால் வேது பிடித்தல் ஆகியவற்றை இவ்வட்டார முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இவற்றோடு மூன்றாவதாக ஒரு மரபும் வந்து கலந்தது. கம்பத்துக் கடைகளில் சீனர் விற்ற மருந்தொட்டுத் துணியை மலாய்மொழி கோயோக் என்கிறது. இச்சொல் ஹொக்கியன் சீனத்தில் மருந்துக் குழம்பைக் குறிக்கும் கோ-யோ என்பதன் திரிபாகும். ரங்கூனிலிருந்து 1926இல் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்த ஆவ் பூன் ஹாவின் புலித் தைலம், 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோடாலித் தைலம், யப்பானில் 1934இல் அறிமுகமான சலோன்பாஸ் ஆகியன இத்தகைய வணிக மருந்துகளாகும். தமிழகத்தாருக்குப் பழக்கமான அமிர்தாஞ்சனமோ இவற்றுக்கும் முற்பட்டது. காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர்ச் சென்னைக்கு மாறியது.

தோட்டத் தமிழர் இம்மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. பற்றும், பிளாஸ்டரும், கோயோக்கும் அவர்தம் பேச்சில் ஒரே பொருளைத் தந்தன. வலிக்குமிடத்தில் போடுதல், அழுத்தித் தேய்த்தல், சூடு காட்டுதல், வலி மிகுந்தால் இன்னொன்று போடுதல் என்னும் நான்கு நடைமுறைகள் அப்பொருளோடு பிணைந்திருந்தன. அம்மருந்துகளைப் பொறுத்தமட்டில் இந்நடைமுறைகளால் பெருந்தீங்கு நேரவில்லை. சாஆவில் நாம் கண்ட இல்லத்தில் பின்பற்றப்பட்டவை இந்நடைமுறைகளே.

ஜொகூர்க் காட்டிலிருந்து ஹம்பர்க் நகருக்கு

பிளாஸ்டரின் மேனாட்டு வரலாற்றிலும் ஜொகூருக்கு ஓர் இடமுண்டு என்பது பலரும் அறியாத செய்தியாகும். மலாய்த் தீவகற்பக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் கட்டாபெர்ச்சா எனப்பட்டது. வெந்நீரில் இளகி, குளிர்ந்ததும் இறுகும் இயல்புடைய இப்பொருளைக் கொண்டு மலாய் மக்கள் கத்திப் பிடிகள் செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, 1843இல் இதனை இலண்டன் அறிஞரின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட இதுவே தக்கது எனக் கண்டறியப்பட்டதும் உலகச் சந்தையில் இதன் தேவை பன்மடங்காயிற்று.

அக்காலத்தில் ஜொகூரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தெமெங்கோங் டாயெங் இப்ராகிம், கட்டாபெர்ச்சா வணிகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். நவீன ஜொகூரின் பொருளியல் அடித்தளத்தில் இவ்வணிகத்திற்கும் பங்குண்டு. பூர்வகுடியினரும் மலாய்க்காரரும் காட்டிற்குள் சென்று மரத்தை வெட்டி வீழ்த்திப் பால் எடுத்தனர். ஒரு மரம் தந்த பாலோ மிகச் சிறிதளவே. எனவே, சில பத்தாண்டுகளிலேயே முதிர்ந்த மரங்கள் அரிதாயின.

இப்பொருளின் மருத்துவப் பயன் ஜெர்மானிய நகரமாகிய ஹம்பர்க்கில் வெளிப்பட்டது. அந்நகரின் மருந்தாளுநர் பவுல் பையர்ஸ்டார்ஃப், மருந்து பூசிய பிளாஸ்டர் செய்யும் முறைக்கு 1882ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் காப்புரிமை பெற்றார். மெல்லிய துணியின் மேல் கட்டாபெர்ச்சாவைப் படலமாக இட்டு, அதன் மேல் மருந்தைப் பரப்பும் முறை அது. தோல்நோய் வல்லுநர் பவுல் ஊனா இம்முயற்சிக்குத் துணைநின்றார். பின்னர் 1901இல் அதே நிறுவனம் இரப்பரையும் துத்தநாக ஆக்சைடையும் கலந்து லியூக்கோபிளாஸ்ட் என்னும் ஒட்டுத்துணியை வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயா உலக இரப்பர் உற்பத்தியில் முதலிடம் பெற்றபோது, ஒட்டுத்துணிகளுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தந்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. தாம் சீவிய பால் எங்கோ ஓர் ஆலையில் பிளாஸ்டராகித் தம் தோட்டத்து டிரசரின் அலமாரிக்கே திரும்பியிருக்கக்கூடும் என்பதை அத்தொழிலாளர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஹம்பர்க் பிளாஸ்டரும் நம் சீலையும் கருத்தளவில் ஒன்றே. இரண்டும் நோயுள்ள தோலுக்கே மருந்திட்டன. உடல் முழுமைக்கும் மருந்தூட்டும் எண்ணம் அவற்றில் இல்லை. உண்மையான திருப்பம் அதற்குப் பின்னரே நிகழ்ந்தது.

1979: அளவு புகுந்த ஆண்டு

தோல் வழியே வேதிப்பொருள் குருதியில் கலக்கும் என்பதை ஆய்வகங்களுக்கு முன்னரே ஆலைகள் உணர்த்தின. ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டைச் செய்த ஆலைகளில் நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளர் கடுந்தலைவலிக்கு ஆளாயினர். அப்பொருள் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உட்சென்று குருதிக்குழாய்களை விரித்தமையே காரணம். அதே பொருளை 1879இல் வில்லியம் மரெல் என்னும் மருத்துவர் நெஞ்சுவலிக்கு மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார். பின்னாளில் அது களிம்பாகவும் தோலில் பூசப்பட்டது. பூசும் களிம்பின் அளவோ கைக்குக் கை வேறுபட்டது.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர், உருகுவே நாட்டில் பிறந்த வேதியியலறிஞர் அலெஹாண்ட்ரோ சாஃபரோனி. தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஆல்சா என்னும் நிறுவனத்தை 1968இல் அமெரிக்காவில் அவர் நிறுவினார். மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட மருந்து வெளிப்படும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அவர்தம் இலக்கு. அதன் பயனாக, 1979ஆம் ஆண்டு இறுதியில் முதல் தோல்வழி மருந்துப் பட்டைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது. கடற்பயணக் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபலமின் என்னும் மருந்தைக் கொண்ட அச்சிறு வட்டத்தைக் காதின் பின்புறம் ஒட்டினால், மூன்று நாள்கள் வரை மருந்து சிறுகச் சிறுக உள்ளே செல்லும். காதின் பின்புறத் தோல் மருந்தை எளிதில் ஏற்பது என்பதனாலேயே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குமட்டல் காதில் தோன்றுகிறதென்று கருதி அங்கு ஒட்டவில்லை. நோய் ஓரிடம், மருந்திடும் இடம் வேறோரிடம் என்னும் பிரிவு இங்குத்தான் முழுமை பெற்றது.

ஸ்கோபலமின் நமக்குப் புதிய பொருளன்று என்பது வியப்பிற்குரியது. அது ஊமத்தைச் செடியில் இயற்கையாகவே உள்ள நச்சுப்பொருள். சித்த மருத்துவத்தின் மத்தன் தைலம் ஊமத்தையிலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் ஆகியவற்றால் ஆவது. ஆறாப் புண்ணுக்கு மேற்பூச்சாக அது பயன்படுகிறது. மலாயில் கெச்சுபோங் எனப்படும் இச்செடியின் நச்சுத்தன்மை, கிளந்தானில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் கிம்லெட் 1915இல் வெளியிட்ட மலாய் நஞ்சுகள் பற்றிய நூலிலும் இடம்பெற்றுள்ளது. ஒரே செடியின் பொருள் தைலமாகவும், நஞ்சாகவும், அளவிட்ட பட்டையாகவும் மூன்று வடிவம் பெற்றது. வேறுபாடு பொருளில் இல்லை, அளவில் உள்ளது.

எல்லா மருந்தையும் பட்டையில் அடைக்க இயலாது. தோலின் மேற்புறமுள்ள இறந்த உயிரணுக்களின் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது. ஆயினும் அது வலிமையான அரண். பொதுவாக, மூலக்கூற்று எடை 500 டால்டனுக்குக் குறைந்ததும், கொழுப்பில் கரையும் இயல்புடையதும், மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வதுமான மருந்தே அவ்வரணைக் கடக்கும். ஸ்கோபலமினின் எடை ஏறத்தாழ 303, நிக்கோட்டினுடையது 162. இன்சுலினோ 5800 அளவினது. எனவே அது சாதாரணப் பட்டையின் வழியே செல்லாது. கடக்கும் மருந்துக்கு ஒரு நன்மை உண்டு. வாய்வழி உண்ட மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் சென்று ஓரளவு சிதைவுறுகிறது. தோல்வழிச் சென்ற மருந்து அச்சிதைவின்றி நேரே குருதியை அடைகிறது.

இவ்வியல்புகளுக்கு ஏற்ற மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகளாயின. நைட்ரோகிளிசரின் 1980களின் தொடக்கத்திலும், எஸ்ட்ராடையால் 1986இலும், கடும்வலி நீக்கும் ஃபென்டனைல் 1990இலும், புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் நிக்கோட்டின் 1991இலும், மறதிநோய்க்கான ரிவாஸ்டிக்மின் 2007இலும் அமெரிக்காவில் இவ்வடிவம் பெற்றன. இவற்றுள் ஃபென்டனைல், மார்ஃபினைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அதன் அளவு குறிக்கப்படுகிறது. ஒத்தடமோ, வெந்நீர்ப் பையோ, கடுங்காய்ச்சலோ தோலைச் சூடாக்கினால் மருந்து விரைந்து உட்சென்று மூச்சையே ஒடுக்கிவிடும். பயன்படுத்திய பட்டையிலும் மருந்து எஞ்சியிருக்கும். எறிந்த பட்டைகளைத் தொட்டும் விழுங்கியும் குழந்தைகள் உயிரிழந்ததைச் சுட்டி அமெரிக்க மருந்து ஆணையம் 2012இல் எச்சரிக்கை விடுத்தது.

வாயிலின் மறுபுறம்

தோல் வாயிலாகும்போது மருந்துக்கு மட்டும் அது திறப்பதில்லை. தோட்டத் தமிழில் மருந்து என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் அங்கு மருந்தே. முதுகில் தோம்பைச் சுமந்து அவற்றைத் தெளிப்பது மருந்தடித்தல். இவ்வேலையில் ஈடுபட்டோருள் பெண்களே மிகுதி. இரப்பர் குறைந்து செம்பனை பெருகிய பின்னர் இவ்வேலையும் பெருகியது. தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் உற்ற துன்பங்களைப் பதிவு செய்தது. அவ்வாண்டே பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் படிப்படியாக விலக்க அரசு முடிவெடுத்தது. ஆயினும், 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு முழுத்தடை நடப்பிற்கு வந்தது.

கரிமப் பாசுபரசுப் பூச்சிக்கொல்லிகள் நல்ல தோலின் வழியாகவே உட்செல்ல வல்லவை. பாராகுவாட், சிராய்ப்பும் புண்ணும் உள்ள தோலின் வழியாகக் கூடுதலாகச் செல்லும். நனைந்த ஆடையோடு நாள் முழுவதும் வேலை செய்தவரின் உடலில் அந்த ஆடையே நஞ்சு தோய்ந்த சீலையாயிற்று. வெயிலும் வியர்வையும் ஒத்தடமாயின. தைலம் உள்ளே இறங்கும் என்பதை அறிந்திருந்த அதே மக்களுக்கு, தெளிக்கும் மருந்தும் இறங்கும் என்பதை அவர்தம் மொழியிலேயே எடுத்துரைப்பார் போதிய அளவில் இல்லை. இவ்வரலாற்றில் நாம் காணும் மிகப் பெரிய இழப்பு இதுவேயாகும்.

சொல்லும் பொருளும்

இனி, தமிழாசிரியருக்கு உரிய வினாவிற்கு வருவோம். இப்புதிய பொருளைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? பிளாஸ்டர் என்றால் காயத்தை மூடும் துணி நினைவிற்கு வருகிறது. கோயோக் என்றால் தேய்த்தலும் சூடும் வருகின்றன. பற்று என்பது அழகிய பழஞ்சொல். எனினும் வலிக்குமிடத்தில் இடுதல் என்னும் பொருள் அதனோடு ஒன்றியுள்ளது. மரபுச் சொல்லை மீட்கும் ஆர்வத்தால் புதிய பட்டைக்குப் பற்று என்று பெயரிட்டால் பழைய நடைமுறைகளும் உடன்வந்து சேரும். சாஆவில் நேர்ந்தது ஏறத்தாழ அதுவே. அங்குப் பெயர் மலாய்ச் சொல்லாக இருந்தது என்பதே வேறுபாடு.

ஆகவே, தோல்வழி மருந்துப் பட்டை என்னும் தொடரையே நாம் இங்குப் பரிந்துரைக்கிறோம். இத்தொடர் சற்று நீண்டதே. எனினும் தோல்வழி என்னும் முதற்பகுதி, மருந்து தோலில் நிற்பதன்று, தோலைக் கடந்து செல்வது என்பதை உணர்த்துகிறது. கலைச்சொல் உருவாக்கத்தில் சொல்லின் தொன்மையையும் ஓசையையும் மட்டுமே கருதுதல் போதாது. அச்சொல் பயன்படுத்துவோரின் கையை எவ்வாறு இயக்கும் என்பதையும் கருதுதல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் ஆய்வுலகிற்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மருந்துப் பட்டையைச் சித்தர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்கிறோம். மலாய்மொழியில் கோயோக் விற்றல் என்பது மிகைபடப் பேசுதலைக் குறிக்கும் மரபுத்தொடர். தெருவோர மருந்து விற்பனையாளரின் பேச்சிலிருந்து பிறந்த அத்தொடர் நம் ஆய்வுகளுக்குப் பொருந்திவிடக் கூடாது. சித்த மருத்துவம் புறமருந்தை 32 வகையாகப் பகுத்தது. சூட்டின் ஆற்றலை அறிந்தது. ஒட்டி நிற்கும் மருந்து வடிவங்களை உருவாக்கியது. இவை பெருமைக்குரிய உண்மைகள். அளவிட்ட வேகத்தில் உடல் முழுமைக்கும் மருந்தூட்டியது 1979இல் ஒப்புதல் பெற்ற பட்டை. இதுவும் உண்மை. இரண்டையும் ஒன்றாக்கினால் மரபின் பெருமை கூடுவதில்லை. இரண்டின் இயல்பும் மறைந்து போகிறது.

முடிவுரை

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தையும் முறைப்படுத்தப்பட்ட துறைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. பற்றும் ஒத்தடமும் இனி வீட்டு வழக்கமாக மட்டுமன்றி, பதிவுபெற்ற மருத்துவரின் முறையாகவும் நிற்க வழி பிறந்துள்ளது. அதே வேளையில், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பயிர் மாறியும் லயங்கள் கலைந்தமையால், எப்புண்ணுக்கு எப்பற்று என்பதை அறிந்த தலைமுறை அருகி வருகிறது. அவர்தம் அறிவைத் தொகுக்கும் பணியை மாணவர் களப்பணியாக நம் துறைகள் மேற்கொள்ளலாம். தொகுக்கும்போது சரக்கின் பெயரோடு, எவ்வளவு, எவ்வளவு நேரம், எத்துணைச் சூடு, எப்போது கூடாது என்பவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும். அம்மரபில் எழுதப்படாதிருந்த அளவு, மூதாட்டியரின் கைப்பழக்கத்தில் இருந்திருக்கக்கூடும்.

சாஆவில் நாம் கண்ட மகளிடம் பின்னொரு நாள் மீண்டும் பேசினோம். புதிய பட்டையின் வேதியியலை விளக்கும் தேவை எழவில்லை. "நீங்கள் சொன்னது சரிதான், சூடு காட்டினால் மருந்து இறங்கும், இந்த மருந்து ஒரேயடியாக இறங்கக் கூடாது, அதனால்தான் சூடு காட்டக் கூடாது" என்று மட்டும் கூறினோம். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "இதை அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பழைய அறிவைப் பழிக்காமல் அதனையே படியாகக் கொண்டு புதிய அறிவிற்கு இட்டுச் செல்லுதல் இயலும் என்பதை அவர்தம் சொல் உணர்த்தியது. அப்படியை அமைத்துத் தரும் கடமை, மொழியும் வரலாறும் கற்பிக்கும் நம்மையே சார்ந்ததாகும்.